ஐந்து நிலையங்களும் ஒரு சிறுதட்டும்

ரிக்டர் அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் அவள் அலுவலகத்துக் கேன்டீன்காரர். காலையில் அவள் டீ வாங்க வரும்போதே முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எவ்வளவு இருக்கும்? நாலா, அஞ்சா?" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்பாராம். நிலநடுக்கத்தின் அளவைச் சொல்கிற பெயர் ஒரு பெண்ணின் கோபத்துக்கு அப்படியே பொருந்தி, அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டு, பஸ் ஏறி எங்கள் குடியிருப்புக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதற்காக அக்கா ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கோபப்பட அவளுக்கு வேறு விஷயங்கள் ஏராளமாக இருந்தன.

துறைமுகத்தை ஒட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு எங்களுடையது. அவள் மூன்றாம் மாடி. கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டி என் தையல் கடை. மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் என் மெஷினைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா தாண்டிப் போனதேயில்லை. வேலை முடிந்து வந்ததும் கைப்பையை என் துணி மேசைமேல் டொம்மென்று வைப்பாள். அன்றைக்கு அலுவலகத்தில் நடந்தது அத்தனையும் கொட்டித் தீர்த்த பிறகுதான் படியேறுவாள். "இதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோனா அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்துடும்" என்பாள். எனக்கு வந்தால் பரவாயில்லை போலிருக்கிறது. அப்படிக் கேட்டதும், கடைசியில் நானே கண்ணால் பார்த்ததுமாகச் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நிலநடுக்கப் பதிவு அலுவலகத்தில் அவள் வாசிப்பாளர். டிப்ளமோ முடித்த கையோடு இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவள். கடற்கரை நெடுக நான்கு இடங்களில் பாறையில் குழி தோண்டிக் கருவி புதைத்திருக்கிறார்கள். ஐந்தாவது, கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கலங்கரை விளக்கு மட்டுமே இருக்கும் ஒரு குட்டித் தீவில். இந்த ஐந்து நிலையங்களிலிருந்தும் ஐந்து கோடுகள் இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கும். பூமி அசைந்தால் கோடு நடுங்கும். முதலில் ஒரு வேகமான அலை வரும், பின்னால் மெதுவாக இன்னொன்று வரும். மின்னல் முந்தி இடி பிந்தி வருவதைப்போல. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நொடி என்று பார்த்து எட்டால் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் அசைந்தது என்று ஏறக்குறையத் தெரியும். அந்த இரண்டு அலைகளும் தொடங்குகிற புள்ளிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் குறிப்பதுதான் அவள் வேலை. முதலில் காகித உருளையில் பென்சிலால் குறித்தாள், பிறகு திரையில்.

பெரிய நடுக்கத்தைக் கம்ப்யூட்டரே பிடித்துவிடும். சின்னது அப்படியல்ல. அலையடிப்பது, லாரி போவது, காற்று வீசுவது எல்லாவற்றுக்கும் கோடு ஆடும். அந்த ஆட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்ன நடுக்கத்தை, சந்தை இரைச்சலில் தெரிந்தவர் குரலைக் கண்டுபிடிப்பதுபோல அக்கா கண்டுபிடிப்பாள்.

அலுவலகக் கூடத்தில் ஒரு பெரிய வரைபடம் உண்டு. கடலுக்கு அடியில் இரண்டு மாபெரும் நிலத்தட்டுகள், நடுவில் அவற்றைப் பிரிக்கும் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு எங்கள் கரையிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி. நடுக்கம் வருவதென்றால் அங்கேதான் வர வேண்டும். அக்கா குறித்த சின்ன நடுக்கங்கள் அந்தக் கோட்டில் உட்கார மறுத்தன. தீவு நிலையத்தில் இரண்டு அலைகளுக்கும் இடையே பல தடவை ஐந்து நொடி, ஆறு நொடி என்றே வந்தது. ஐந்து எட்டு நாற்பது. அதாவது தீவுக்கு அந்தப்பக்கம் நாற்பது கிலோமீட்டரிலேயே ஏதோ உரசுகிறது. வரைபடப்படி அங்கே ஒன்றுமே இல்லை.

முதல் வருடம் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடி மாற்றினாள். இரண்டாம் வருடம் கருவிகளின் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாள். மூன்றாம் வருடம் ஒரு கண்ணாடித் தாளை வாங்கி, ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு புள்ளி வைத்து, தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டாள். பதினோரு வருடத்தில் அந்தப் புள்ளிகள் ஒரு வடிவத்துக்கு வந்தன. சிவப்புக் கோட்டில் ஓரிடத்தில் பிரிந்து, வளைந்து கரைப்பக்கம் வந்து, சுற்றிக்கொண்டு மறுபடி அதே சிவப்புக் கோட்டில் போய்ச் சேர்ந்தன. உள்ளே ஒரு புள்ளிகூட இல்லை.

"நடுவுல சத்தமே இல்லப்பா. ஓரம் மட்டும்தான் உரசுது. அப்படின்னா என்ன அர்த்தம்? அது தனியா ஒரு தட்டு. ரெண்டு பெரிய தட்டுக்கு நடுவுல ஒரு சின்னத் தட்டு மாட்டிக்கிட்டு இருக்கு" என்றாள் என்னிடம்.

"கடலுக்கு அடியில தட்டா? யாருக்கா கழுவுறது?" என்றேன். அன்றைக்குக் கத்தரிக்கோல் என் தலைக்கு வராமல் போனது நான் செய்த புண்ணியம்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், சாதுவான மனிதர். அவருக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. "ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமா நகர்ந்தா நடுவுல இருக்கிறது சுத்தத்தானே செய்யும்? பேரிங்குக்குள்ள குண்டு சுத்துற மாதிரி" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் ஒருநாளும் இல்லாத பெருமை இருந்தது. "இந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷத்துல புரியுது. அங்க பட்டம் பட்டமா வாங்கி மாட்டி வெச்சிருக்கிறவனுக்குப் பதினோரு வருஷமாப் புரியலை."

அவள் சொன்னது தன் இயக்குநரை. அவருக்கு இதுபற்றி ஒன்பது குறிப்புகள் எழுதியிருந்தாள். எட்டுக்குப் பதிலே இல்லை. ஒன்பதாவது குறிப்பின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: குறிப்பது உங்கள் பணி, ஆராய்வது எங்கள் பணி. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தாள். யாராவது "சும்மா விடுங்கக்கா" என்று சொன்னால் எடுத்துக் காட்டுவாள்.

அதுவரைக்கும் அவள் கோபம் தன் உழைப்பை மதிக்கவில்லை என்கிற கோபம்தான். துறைமுக அறிக்கை வந்த பிறகு அது வேறு கோபமாக மாறியது.

எங்கள் குடியிருப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த வெற்று மணல்வெளியில் பதினெட்டு எண்ணெய்த் தொட்டிகள் கட்டப்போவதாகத் துறைமுகத்தார் அறிவித்தார்கள். முன்னால் ஓர் அலைத்தடுப்புச் சுவர். முதல் திட்டத்தில் சுவரின் உயரம் ஆறு மீட்டர். திருத்திய திட்டத்தில் இரண்டரை மீட்டர். எதற்குக் குறைத்தார்கள் என்று தேடிப்போன அக்காவுக்கு அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் விடை கிடைத்தது. "கரையிலிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டர் வரையுள்ள கடலடித் தளத்தில் கடந்த பதினோரு ஆண்டுகளில் நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை." கீழே அவள் அலுவலகத்தின் முத்திரை.

அவள் குறித்தவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு.

நேராக இயக்குநரின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. பிறகு வந்த ஒழுங்கு நடவடிக்கைக் கடிதத்தில் அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்திருந்தார்கள்.

"எங்க சார் போச்சு என் நடுக்கம் எல்லாம்?"

இயக்குநர் சத்தம் போடாதவர். பேசுவதே தடவிக் கொடுப்பதுபோல இருக்குமாம். "உக்காருங்கம்மா. ஏன் பதட்டப்படுறீங்க? எதுவும் எங்கயும் போகலை. பட்டியலைச் சுத்தம் பண்ணினோம், அவ்வளவுதான். குறைஞ்சது ஆறு நிலையத்துல பதிவாகாத சின்ன நடுக்கத்தைப் பட்டியல்ல வெக்கக் கூடாது. அது நம்ம அலுவலக விதிமுறை."

அக்கா அவரையே பார்த்தாள். "சார், இந்தக் கரையில நம்மகிட்ட எத்தனை நிலையம் இருக்கு?"

"அது வேற விஷயம்."

"அதுதான் சார் விஷயம். அஞ்சு இருக்கு. அஞ்சை வெச்சுக்கிட்டு ஆறுல பதிவானாத்தான் எடுத்துப்பேன்னா, ஜென்மத்துக்கும் ஒரு நடுக்கமும் பட்டியல்ல வராதே! கடல் உங்க விதிமுறையைப் படிச்சிட்டா ஆடுது?"

"அது கப்பல் சத்தமா இருக்கலாம். கல்குவாரி வெடியா இருக்கலாம்."

"நடுக்கடல்ல எவன் சார் கல்லு உடைக்கிறான்?"

அடுத்த நாள் அவள் கைக்கு வந்தது இடமாற்ற உத்தரவு. வாசிப்பு அறையிலிருந்து ஸ்டோருக்கு. கூடவே இன்னொரு தாள்: அலுவலகப் பணி தொடர்பாகப் பொது இடத்தில் எந்தக் கருத்தும் கூறக் கூடாது, மீறினால் பணியிடைநீக்கம்.

அன்று மாலை அக்கா கைப்பையை என் மேசைமேல் சத்தமே இல்லாமல் வைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடலைப் பார்த்தபடி, "நானூறு கிலோமீட்டர்ல பெரிசா ஆடினா அலை இங்க வர்றதுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். எல்லாரும் மேட்டுக்கு ஓடலாம். தொண்ணூறு கிலோமீட்டர்ல ஆடினா இருபது நிமிஷம்கூட இல்லை. நாலாம் மாடியில இருக்கிற முடியாதவங்களை யாரு இறக்குவா? முன்னாடி பதினெட்டு எண்ணெய்த் தொட்டி வேற" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் பாதி வார்த்தை உள்ளேயே நின்றது.

"கட்டாயம் ஆடும்கிறியாக்கா?"

"எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நூறு வருஷம் சும்மா இருந்தாலும் இருக்கும். ஆனா அங்க ஒண்ணுமே இல்லைன்னு எழுதினது பொய். அது மட்டும் எனக்குத் தெரியும்."

ஸ்டோர் என்பது அலுவலகத்தின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான அறை. உடைந்த நாற்காலிகள், பழைய பேட்டரிகள், கூரை வரை காகிதக் கட்டுகள். ஸ்டோர்க்காரர் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர், யாருடனும் ஒட்டாதவர். அக்கா உள்ளே வந்ததும், "இங்க வந்து கத்தாதீங்க, தூசி கிளம்பும்" என்றாராம். அவ்வளவுதான் வரவேற்பு.

நான்காம் நாள் அவர் ஒரு கட்டை இறக்கி அவள் முன்னால் வைத்தார். "இது உங்களுதுதானே?"

தினசரி வாசிப்புத் தாள்கள். ஒவ்வொரு நாளும் அக்கா குறித்த நடுக்கங்களைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள், அன்றைய பணி விஞ்ஞானி சரிபார்த்து மேலொப்பம் இடுவார், ஒரு நாள் முழுக்க அலுவலக வாசல் பலகையில் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டிவிட்டுப் பிறகு ஸ்டோருக்கு அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் பட்டியலைச் சுத்தம் பண்ணியவர்களுக்கு இந்தத் தாள்களின் ஞாபகமே இல்லை.

அக்கா புரட்டினாள். முதல் ஏழு வருடத்தில் கடல் நடுக்கம் குறித்திருந்த தாள்களில் பாதிக்கு மேல் மேலொப்பம் பச்சை மையில் இருந்தது. இயக்குநர் ஆவதற்கு முன்னால் அவர்தான் பணி விஞ்ஞானி. "சரிபார்க்கப்பட்டது. கடலடி நடுக்கம்." கப்பல் சத்தம் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

"எனக்கு அப்ப வந்த கோபத்துல அந்தத் தகரக் கூரை பறந்திருக்கணும்" என்றாள் என்னிடம். "தெரியாம செஞ்சிருந்தா முட்டாள்னு விட்டுடலாம். இந்த ஆள் தன் கையால எழுதியிருக்கான்பா. தன் கையால!"

ஒரு நாள் பலகையில் ஒட்டி ஊருக்குக் காட்டிய தாளில் ரகசியம் எதுவும் இல்லை, யார் கேட்டாலும் நகல் தர வேண்டும் என்று ஸ்டோர்க்காரரே விதிப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் காட்டினார். அக்காவின் நாத்தனார் இரண்டாம் மாடியில் இருக்கிறவர், அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவர் பெயரில் விண்ணப்பம் போனது. முப்பது நாள் கெடு. ஸ்டோர்க்காரர் இருபத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டு, ஒரு தாள் விடாமல் நகல் எடுத்து, நூல் கட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். ஒரு நாள் முன்னதாகக் கொடுத்தால் அக்கறை என்று நினைத்துவிடுவார்களாம்.

எண்ணெய்த் தொட்டித் திட்டத்துக்கான பொது விசாரணை நகர மன்றக் கூடத்தில் நடப்பதாக அறிவிப்பு வந்தது. துறைமுகப் பகுதியில் குடியிருக்கும் எவரும் பேசலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம். பேசுவது அனைத்தும் வார்த்தைக்கு வார்த்தை பதிவாகும்.

அக்கா பேச முடியாது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

அன்று மாலை என் துணி மேசையைச் சுற்றிக் கூட்டம். லிஃப்ட்காரர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். "ஒரு நடுக்கத்தோட தேதி, நேரம், தூரம் படிக்க அஞ்சு செகண்ட். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. ஒரு ஆளுக்கு அறுபது. மொத்தம் படிச்சு முடிக்க முப்பத்திரண்டு பேர் வேணும்."

"எல்லாத்தையுமா படிக்கணும்? ஆயிரத்துத் தொள்ளாயிரம் இருக்குன்னு ஒரே வரியில சொன்னா போதாதா?" என்று கேட்டார் நாலாம் மாடி முடிதிருத்துபவர்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "அவங்க ஒரே வரியில இல்லைன்னு எழுதிட்டாங்க. நாமளும் ஒரே வரியில இருக்குன்னு சொன்னா, அவங்க வரிக்குத்தான் முத்திரை இருக்கு. ஒண்ணு விடாம அவங்க காதுல விழணும். எழுதுறவங்க கை வலிக்கணும்."

முப்பத்திரண்டு பேர் கிடைத்தார்கள். பாதிப் பேருக்குத் தட்டும் தெரியாது, அலையும் தெரியாது. ஆனால் இரண்டரை மீட்டர் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என் கடையில் அளவு நாடா இருந்ததால். சுவரில் கோடு போட்டுக் காட்டினேன். கடைக் கதவின் மேல்சட்டத்துக்குச் சற்று மேலே முடிந்துவிட்டது.

விசாரணை காலை பத்து மணிக்குத் தொடங்கியது. மேடையில் விசாரணை அதிகாரி, மேசையில் ஒரு மணி, பக்கத்தில் இரண்டு சுருக்கெழுத்தாளர்கள். வலப்பக்கம் துறைமுகத்தார், அவர்களுக்கு அடுத்து இயக்குநர். அக்கா ஐந்தாம் வரிசையில் ஓரமாக, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் லிஃப்ட்காரர் எழுந்தார். தன் பெயர், வீட்டு எண் சொன்னார். "கடலடியில் நடுக்கம் எதுவும் பதிவாகவில்லைன்னு அறிக்கையில இருக்கு. பதிவானதை நான் படிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். தேதி, நேரம், தூரம். தேதி, நேரம், தூரம். அவர் குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. லிஃப்டில் மாடி எண் சொல்கிற குரல்போல இருந்தது. அறுபதாவது முடியவும் மணி அடித்தது. அடுத்த ஆள் எழுந்து அறுபத்தொன்றிலிருந்து தொடங்கினார்.

ஆறாவது ஆள் வரும்போது கூடத்தில் சிரிப்பு கேட்டது. பத்தாவது ஆளுக்கு அது நின்றுபோனது. நான் பதின்மூன்றாவது. எழுநூற்று இருபத்தொன்றிலிருந்து எழுநூற்று எண்பது வரை. இது வெறும் எண் இல்லை, ஒவ்வொரு வரியும் அந்த மனுஷி ஒரு திரையின் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்த ஒரு பொழுது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதினெட்டாவது ஆள் முடித்ததும் இயக்குநர் கையை உயர்த்தினார். "ஐயா, இவங்க தெரியாம பேசுறாங்க, தப்புச் சொல்லலை. இதெல்லாம் கப்பல் சத்தம், வெடிச் சத்தம். அதனாலதான் நீக்கினோம். நேரம் வீணாகுது."

அடுத்து எழுந்தவர் நாத்தனார். வார்டில் நோயாளியின் உறவினர்களை அடக்கிய குரல் அது. "என் அஞ்சு நிமிஷத்துல நான் படிக்கலை, ஒண்ணு மட்டும் கேக்குறேன். இந்தத் தாள்ல 'சரிபார்க்கப்பட்டது, கடலடி நடுக்கம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு. நானூத்திப் பன்னிரண்டு தாள்ல இதே கையெழுத்து. இது யாரோட கையெழுத்து?"

தாள்கள் மேடைக்குப் போயின. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இயக்குநரைப் பார்த்தார். "உங்களுதா?"

இயக்குநர் தண்ணீர் குடித்தார். "அது... அந்தக் காலத்துல இருந்த நடைமுறைப்படி சரி. இப்போ ஆறு நிலையத்துல பதிவாகணும்னு புது விதிமுறை."

"இந்தக் கரையில மொத்தம் எத்தனை நிலையம் இருக்கு?"

"நம்ம வலையமைப்பு படிப்படியா விரிவாக்கம் செய்யப்பட்டு வருது ஐயா. எதிர்காலத்துல..."

"இப்போ எத்தனை?"

"அதைத் துல்லியமாச் சொல்லணும்னா, பராமரிப்புல இருக்கிறதையும் சேர்த்து..."

"அஞ்சு!"

கூடம் மொத்தமும் திரும்பியது. அக்கா எழுந்து நின்றிருந்தாள். கைப்பை தரையில் விழுந்து கிடந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் பேசவில்லை. பதினோரு வருடத்துக்கான பேச்சு வாய்க்குள் இருந்தும், அந்த ஒரு வார்த்தையோடு உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி சுருக்கெழுத்தாளரிடம், "ஐந்து. எழுதிக்கோங்க" என்றார். பிறகு எங்கள் பக்கம் பார்த்து, "மிச்சம் எத்தனை பேர்?" என்று கேட்டார். பதின்மூன்று பேர் என்றோம். "படிங்க" என்றார். நாத்தனாருக்குரிய அறுபதையும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு படித்தார்கள். அதன் பிறகு அவர் மணியைத் தொடவேயில்லை. கடைசி நடுக்கம் படித்து முடிக்கும்போது பகல் இரண்டேகால்.

அந்த ஒரு வார்த்தைக்காக மறுநாளே அக்காவைப் பணியிடைநீக்கம் செய்தார்கள்.

விசாரணை அதிகாரி திட்டத்தை நிறுத்திவைத்து, கடலடித் தளத்தை நேரடியாக ஆய்வு செய்யும்படி எழுதினார். ஓர் ஆய்வுக் கப்பல் போய், கடலின் தரையிலேயே இருபது கருவிகளை இறக்கிவைத்து, நான்கு மாதம் கழித்து அவற்றை மேலே எடுத்தது. அந்த நாட்களில் அக்கா வீட்டில் இருந்தாள். அடங்கிப் போய்விட்டாள் என்று நினைக்க வேண்டாம். குடியிருப்பின் தண்ணீர்க் குழாயிலிருந்து தபால்காரர் வரை எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஒருநாள் நான் தைத்த ரவிக்கையின் தையல் கால் அங்குலம் கோணலாக இருக்கிறது என்று பிரித்தே போட்டுவிட்டாள். கோணல்தான், அளந்து பார்த்தேன்.

ஆய்வு முடிவு வெளியானபோது அதில் ஒரு படம் இருந்தது. இரண்டு பெரிய தட்டுகளுக்கு நடுவில், முந்நூறு கிலோமீட்டர் அகலத்தில், நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சிறுதட்டு. கரைப்பக்க ஓரம் தொண்ணூறு கிலோமீட்டரில். அலமாரிக் கதவில் இருந்த புள்ளிகளை அப்படியே எடுத்து மேலே வைத்ததுபோல இருந்தது. அந்தத் தட்டுக்கு ஆய்வுக் கப்பலின் பெயரை வைத்திருந்தார்கள். முன்னுரையில் இயக்குநருக்கு நன்றி இருந்தது. "மற்றும் அலுவலகப் பணியாளர்கள்" என்று ஒரு சொற்றொடரும் இருந்தது.

நாங்கள் இனிப்பு வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடினோம். எண்ணெய்த் தொட்டிகளை மேட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள், சுவர் மறுபடி ஆறு மீட்டர். நாங்கள் ஜெயித்துவிட்டோம். அக்கா அந்த முன்னுரையைப் படித்துவிட்டு அறிக்கையை மேசைமேல் வீசினாள்.

"இன்னும் என்னக்கா? அதான் நீ சொன்னது உண்மைன்னு ஆயிடுச்சே. இப்பவாவது கோபம் போச்சா?" என்றேன்.

"எதுக்குப் போகணும்?" என்றாள். "அந்தாளுக்கு ஒரு கேள்வி உண்டா? மாலை போட்டு ஓய்வுக்கு அனுப்புறாங்க. பொய்யின்னு தெரிஞ்சே முத்திரை குத்தினவன் மாலையோட போறான். உண்மையான எண்ணிக்கையைச் சொன்னதுக்கு எனக்கு ஏழு மாசம் தண்டனை. நீங்க இனிப்பு சாப்பிடுங்க. எனக்கு வேண்டாம்."

நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. பெட்டியை மூடி நாத்தனார் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அதே வாசிப்பு அறையில். புது இயக்குநர் இளம்பெண். வாசலுக்கே வந்து கைகொடுத்தாராம். அக்கா கையைக் குலுக்கிவிட்டு நேராகத் திரைக்குப் போனாள். போன ஏழு மாதத்தைத் திறந்து பார்த்தாள். ஐந்து கோடுகளும் இருந்தன, குறி மட்டும் ஒன்றுகூட இல்லை. அவளுக்குப் பதிலாக யாரையும் போடவில்லை. பெரிய நடுக்கங்களைக் கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருந்தது, சின்னதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் போட்ட சத்தம் கேன்டீன் வரை கேட்டதாம். "ஏழு மாசம் பூமி சும்மாவா இருந்துச்சு? நான் இல்லைன்னா ஆடாதா அது?"

புது இயக்குநர் பயந்துபோய், விட்டுப்போனதை அப்படியே விட்டுவிடலாம், இன்றிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றாட வேலையை மதியத்துக்குள் முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் பழைய நாட்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து வாசித்தாள். நான்கு மாதம் ஆனது. இருநூற்று மூன்று நடுக்கங்கள். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு, அதை வாசல் பலகையில் தானே கொண்டுபோய் ஒட்டிவிட்டு வந்தாள்.